இரண்டு பெயரையும் கூப்பிடும் இடம்

டீ நன்றாக இருந்தது அய்யா, சர்க்கரைதான் கொஞ்சம் ஜாஸ்தி. நான் சொல்லச் சொல்ல ஏட்டய்யா எழுதிக்கொள்ளட்டும். எனக்கு அவசரமில்லை.

கலைமணிக்கும் எனக்கும் 2006-இல் விவாகரத்து ஆனது. மாதம் ஆயிரத்து ஐந்நூறு ஜீவனாம்சம். அவள் குமராட்சிக்கு, அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். நான் கடலூர் முதுநகரில் ஐஸ் கம்பெனி வேலை முடிந்து வந்து, நானே பூட்டைத் திறப்பேன். ஞாயிற்றுக்கிழமையில் யாரோடும் ஒரு வார்த்தை பேசாமலே பொழுது போய்விடும். தனிமை என்னைத் தின்றது அய்யா, அதை மறைப்பானேன்.

இரண்டு வருடம் கழித்து, தொகையைக் குறைக்கச் சொல்லி சிதம்பரம் கோர்ட்டில் நானே மனுப் போட்டேன். வக்கீல் வைத்தால் அவரே வாய்தா வாங்கிவிடுவார், நம்மை வரவேண்டாம் என்பார். தங்கை வீட்டுக்காரர் பழனிவேல், "ஐநூறு கொறைக்கறதுக்கு லீவு லீவா போட்டு சம்பளத்த வுடறியே மச்சான், லூசா நீ?" என்றார். அவருக்கு என்ன தெரியும். வாய்தா நாளில் டவாலி வாசலுக்கு வந்து, "ராஜவேல்... கலைமணி..." என்று சேர்த்துக் கூப்பிடுவார். வேறு யாரும் எங்களை இப்போது அப்படிக் கூப்பிடுவதில்லை.

ஒவ்வொரு தடவையும் ஒரு காகிதத்தை வேண்டுமென்றே வீட்டில் விட்டுவிட்டு வருவேன். சம்பளச் சீட்டு, ரேஷன் கார்டு ஜெராக்ஸ், இப்படி ஏதாவது. வக்கீல் இல்லாதவன்தானே என்று நீதிபதி பொறுமையாக இன்னொரு தேதி கொடுப்பார். பதினேழு தேதி வாங்கினேன்.

போன மாதம் கலைமணி நீதிபதியிடம், "அய்யா, நான் தையல் கடை வெச்சிட்டேன். அவுரு காசே எனக்கு வேணாம். எழுதிக் குடுத்துடறேன், என்னை விட்டுடச் சொல்லுங்க" என்றாள். அடுத்த வாய்தாவில் முடித்துவிடலாம் என்றார் நீதிபதி. குறைக்கக் கேட்டவனுக்கு மொத்தமும் மிச்சம். ஆனால் வழக்கு முடிந்தால் வாய்தாவும் முடிந்துவிடுமே.

கடை இருந்தால்தானே காசு வேண்டாம் என்பாள். அதனால் கடை போகவேண்டும் என்று முடிவு செய்தேன். அவள் சாப்பிடப் போகும் ஒரு மணியாகப் பார்த்துத்தான் போனேன். அந்த அளவுக்கு அக்கறை எனக்கு உண்டு. கீற்றுக் கூரை, ஒரு கேன் மண்ணெண்ணெய் போதுமானதாக இருந்தது. கதவு ஒருக்களித்துச் சாத்தியிருந்தது. அன்றைக்கு ஏதோ அவசரத் துணி போலிருக்கிறது, உள்ளே மிஷின் ஓடும் சத்தம் கேட்டது. கேட்ட பிறகுதான் தீக்குச்சியைக் கிழித்தேன். ஓடி வந்துவிடுவாள் என்று தெரியும். வந்தாள். கைகள் மட்டும்தான் வெந்துபோயின.

இனி அவளால் தைக்க முடியாது. ஜீவனாம்சத்தை உயர்த்தச் சொல்லி அவளுக்காக நானே ஒரு மனு எழுதி பீரோவில் வைத்திருக்கிறேன். அவள் கைநாட்டு வைத்தால் போதும்.

இதில் நான் கையெழுத்துப் போடவேண்டுமா? ஒரு சந்தேகம் அய்யா. நான் குற்றத்தை ஒத்துக்கொண்டால் சாட்சி விசாரணை இருக்காது, அவள் கோர்ட்டுக்கு வரவேண்டியதில்லை என்று ஏட்டய்யா இப்போது சொன்னார்.

அப்படியென்றால் எழுதியதைக் கிழித்துப்போடச் சொல்லுங்கள். நான் எதுவும் செய்யவில்லை. அவள் வந்து சொல்லட்டும்.