கருத்தரங்கு வரைக்கும்

ஞாயிற்றுக்கிழமை கருத்தரங்கு வைத்தால் பிரியாணி நன்றாக இருக்க வேண்டும் அய்யா. இல்லையென்றால் டாக்டர்கள் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பதினோரு மணிக்கே காரை எடுத்துவிடுவார்கள். அரியலூர், பெரம்பலூர் வட்டார ரத்தநோய் மருத்துவர் சங்கத்துக்கு ஆறு வருடமாக நான்தான் செயலாளர். போன வருடம் லப்பைக்குடிக்காட்டுச் சமையல்காரரைப் பிடித்தேன். அப்படியும் கூட்டம் தங்கவில்லை. திரையில் பழைய ரத்த அணுப் படத்தையே எத்தனை வருடம் காட்டுவது? முன்வரிசையிலேயே குறட்டை கேட்டது. எனக்கு அது பெரிய அவமானம்.

இந்த வருடம், கருத்தரங்குக்கு ஐந்து நாள் இருக்கும்போது, செவ்வாய்க்கிழமை நர்மதா வந்தாள். வேப்பந்தட்டைக்காரி, இருபத்தாறு வயது, மக்காச்சோளக் காட்டில் வேலை. ஈறில் ரத்தம், கையெல்லாம் நீலத் திட்டு. ரத்தத்தை நுண்ணோக்கியில் பார்த்தேன். அணுக்களுக்குள் விறகுக்கட்டு போலக் குச்சி குச்சியாக அடுக்கியிருந்தது. ரத்தப் புற்றுநோயில் அபூர்வமான வகை. இருபது வருடத்தில் அவ்வளவு அழகான ரத்தத்தை நான் பார்த்ததில்லை. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவார்களா?

என்னிடம் வேலை பார்க்கும் டாக்டர் சிந்து அன்றைக்கே கேட்டார். "சார், இதுக்கு சந்தேகம் வந்தாலே மாத்திரைய ஆரம்பிச்சிடணும்ல? இன்னைக்கே குடுத்துடலாமா?"

"உறுதிப்படுத்த அனுப்புன திருச்சி ரிப்போர்ட் வரட்டும்மா" என்றேன்.

சின்ன வயசு, அவசரம். மாத்திரை உள்ளே போனால் சில நாளில் அந்தக் குச்சிகள் கலைந்துவிடும். அப்புறம் அது எல்லோருக்கும் இருக்கிற ரத்தம்தானே? அதைப் பார்க்கக் கும்பகோணத்திலிருந்து யார் வருவார்கள்? அதற்காக என்னை இரக்கமில்லாதவன் என்று எழுதிவிடாதீர்கள். ரத்தம் உறைவதற்குத் தினமும் தட்டணு ஏற்றினேன். காலையும் மாலையும் போய்ப் பார்த்தேன்.

அவள் கணவர் தங்கராசு வராந்தாவிலேயே கிடந்தார். "சார், தஞ்சாவூருக்கு வேணா கூட்டிட்டுப் போயிடட்டுங்களா?"

"அங்க இருக்குற டாக்டருங்களே ஞாயித்துக்கிழமை இங்க வராங்கய்யா. உன் சம்சாரத்த அம்பது பேரு பாக்கப் போறாங்க."

நன்றியில் அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

ஞாயிறு காலை புது ரத்தம் எடுத்தோம். ஐம்பத்து நான்கு நிபுணர்கள் நுண்ணோக்கி முன் ரேஷன் கடை வரிசை போல நின்றார்கள். மருந்து தொடங்கியாயிற்றா என்று ஒருவர் கேட்டார். இன்று காலைதான் என்றேன். ஒருவரும் காரை எடுக்கவில்லை. பன்னிரண்டரை மணிக்கு 'கூடிச் செயல்படுவோம்' என்ற தலைப்பில் நான் பேசிக்கொண்டிருந்தபோது, இரண்டு அறை தள்ளி நர்மதாவுக்கு மூளையில் ரத்தம் கசிந்தது. சிந்து ஓடிவந்து மேடைக்குக் கீழே நின்று கையைக் காட்டினார். பேச்சை முடித்துவிட்டுப் போனேன், பத்து நிமிடம்தான். மூன்று மணிக்கு அவள் இறந்துபோனாள்.

நீங்கள் கேட்டதற்கு நேராகவே சொல்லிவிடுகிறேன். திருச்சி ரிப்போர்ட் புதன்கிழமையே வந்துவிட்டது. அதை என் சட்டைப்பையில் வைத்திருந்தேன். மாத்திரை என் மேசை இழுப்பறையில் இருந்தது. முதல் நாளே கொடுத்திருந்தால் அநேகமாகப் பிழைத்திருப்பாள். அன்றைய கூட்டத்தில் நானே அப்படித்தான் பாடம் எடுத்தேன்.

ஆனால் தங்கராசுவைக் கேட்டுப் பாருங்கள். கிளம்பும்போது என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "இத்தன டாக்டருங்க பாத்தும் முடியலன்னா அது அவ விதிங்க சார், நீங்க என்ன பண்ணுவீங்க" என்றார். பெண்டாட்டியைப் பறிகொடுத்தவருக்கே என்மேல் குறையில்லை. நேற்று வேலைக்குச் சேர்ந்த சிந்து எதற்காக உங்களுக்குப் புகார் எழுதினார் என்பதுதான் எனக்கு இன்னும் விளங்கவில்லை.