பேரைச் சொல்லுங்க டீச்சர்

ஆண்டிமடம் போகிற பஸ். எனக்கு முன்சீட்டில் இருந்த டீச்சரிடம் வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் குனிந்து கேட்டார்:

"அமெரிக்கா பாடத்துல எங்க பெரியவூட்டை ஏன் இழுத்தீங்க?"

"நான் இழுக்கலங்க. ஆப்பிரிக்காவுலேர்ந்து புடிச்சிட்டுப் போன அடிமைங்களுக்கு, சொந்தப் பேரை அழிச்சுட்டு எஜமான் பேரை வச்சாங்கன்னு சொன்னேன். ஒரு புள்ள எழுந்திரிச்சு, 'எங்க தாத்தாவையும் பெரியவூட்டு ஆளுன்னுதான் கூப்புடுவாங்க'ன்னுச்சு."

"எந்தப் புள்ள? பேரைச் சொல்லுங்க."

"எதுக்குங்க?"

"எந்தப் புள்ளையா இருந்தாலும் அதோட அப்பன் எங்க முந்திரிக்காட்டுலதான நிப்பான். வெசாரிச்சுக்கிறேன்."

டீச்சர் பையை மடியில் இறுக்கிக்கொண்டார்.

"உங்க காட்டுல உழைச்சுச் செத்தவங்கள்ல ஒருத்தர் பேரைச் சொல்லுங்க. நானும் அந்தப் புள்ள பேரைச் சொல்றேன்."

வெள்ளைச் சட்டைக்காரர் வாயைத் திறந்தார். ஆண்டிமடம் வரும்வரை ஒரு பெயரும் வரவில்லை.