அஞ்சலிப் படத்தில் அவர் பேசவில்லை

மேடையில் வீற்றிருக்கும் முதல்வர் அவர்களே, நிர்வாகக் குழுவினரே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும், மறைந்த பேராசிரியர் அம்மையாரின் கணவரே, மகளே, இடமில்லாமல் சுவரோரம் நிற்கும் மாணவச் செல்வங்களே!

ஆறுதலாக நாலு வார்த்தை பேசத்தான் வந்தேன். சற்று முன் இங்கே திரையிட்ட அஞ்சலிப் படத்தைப் பார்த்த பிறகு அது என்னால் முடியாது. இந்தத் திரைப்படக் கல்லூரியில் அவரோடு ஒரே துறையில் படத்தொகுப்பு கற்றுக்கொடுத்தவன் நான். கோபத்தை மறைத்துப் பழக்கமில்லை.

நம் திரைக்கோட்பாட்டுப் பேராசிரியருக்கு மாணவர்கள் வைத்த பெயர் என்ன? பிரேக் மேடம்! ஓடுகிற படத்தைச் சட்டென்று நிறுத்திவிட்டு, "இப்ப யாரு யாரப் பாக்குறாங்க? நம்மள எங்க உக்கார வெச்சிருக்காங்க?" என்று கேட்பார். ஒருமுறை காதல் பாட்டு ஒன்றை நிறுத்தினார். திரையில் கதாநாயகியின் தோளும் இடுப்பும் மட்டும். "இவ என்ன பாக்குறா?" என்றார். மாணவர்கள் திரையை உற்றுப் பார்த்தார்கள். "கேமராவும் கேக்கல, நீங்களும் கேக்கல. அதான்யா பாடம்!" என்றார். கேமரா யாரோ ஒருவர் பக்கம் சாய்ந்துதான் நிற்கும், நம்மையும் அங்கேயே இழுத்து நிறுத்தும். தடித்தடிப் புத்தகங்கள் சொல்வதை இப்படித்தான் புரியவைத்தார்.

அவருக்கு நாம் எடுத்த படம் எப்படி இருக்கிறது? தலைமுடி மெதுவாகப் பறக்கிறது. சிரிக்கிறார். படியிறங்குகிறார். மறுபடியும் சிரிக்கிறார். பின்னணியில் வயலின் அழுகிறது. படம் முடிந்ததும் அவர் கணவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஆனா இவ ஒரு வார்த்தகூடப் பேசலையே?" என்றார்.

வாய் ஓயாத மனுஷி ஐயா அவர்! அவரையா ஊமையாக்கினோம்?

படமெடுத்த மாணவர்கள் மேல் பழி போடாதீர்கள். "தியரி படிச்சா வேலை கிடைக்குமா?" என்று இந்த ஆண்டு அவர் வகுப்பையே தூக்கியது யார்? மருத்துவமனையிலிருந்து போன் செய்து, "கிளாஸ் திரும்ப வந்துச்சா?" என்று அவர் கேட்டபோது நான் மென்று விழுங்கினேனே, யாரால்? இப்போது அரங்கத்துக்கு அவர் பெயராம்! முதல்வர் அவர்களே, பெயர்ப்பலகையை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். வகுப்பைக் கொடுங்கள்!

கொடுக்காவிட்டாலும் திங்கட்கிழமை காலை என் படத்தொகுப்பு அறையில் அது நடக்கும். முதல் பாடம் இந்த அஞ்சலிப் படம்தான். அவர் பாடம் நடத்திய பதிவுகள் என்னிடம் இருக்கின்றன. வாருங்கள் மாணவர்களே, இதைப் பிரித்துப்போட்டு மறுபடி வெட்டி ஒட்டுவோம். திரையில் அவர் வாய் திறந்து நம்மைத் திட்டும்வரை விடமாட்டோம்!