வெள்ளிக் கரைசலும் விடுபட்ட வரியும்

மேடையில் வீற்றிருக்கும் முதல்வர் ஐயா அவர்களே, வேதியியல் துறைத் தலைவர் அவர்களே, முன்வரிசையில் தலைகுனிந்து உட்கார்ந்திருக்கும், மறைந்த பேராசிரியை அம்மாவின் கணவர் அவர்களே, மகளே, வகுப்பை விட்டுவிட்டு வெளிக் கல்லூரிகளிலிருந்து வந்திருக்கும் ஆசிரியர்களே, மாணவச் செல்வங்களே, எல்லோருக்கும் என் வணக்கம்.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அதனால் கையில் தாள் இல்லை, நெஞ்சில் இருப்பதைச் சொல்கிறேன். இந்தக் கல்லூரியின் வேதியியல் ஆய்வகத்தில் குழாய் கழுவி, குடுவை துடைத்து ஓய்வு பெற்றவன் நான். ஓய்வு பெற்ற பிறகும் அம்மா என்னை விடவில்லை.

மாணவர்கள் அவருக்கு வைத்த பட்டப்பெயர் 'மறுபடி அம்மா'. எதைச் செய்தாலும் "மறுபடி செய்" என்பார். பட்டப்பெயர் அவருக்கும் தெரியும். "தொண்டத் தண்ணி வத்தினதுக்கு ஒரு பேராவது கெடச்சுதே" என்று சிரிப்பார்.

கல்லூரி வேதியியலுக்கு இணையத்தில் ஒரு பாடநூல் எழுதினார். யார் வேண்டுமானாலும் திறக்கலாம், இறக்கிக்கொள்ளலாம், அச்சடிக்கலாம், தங்கள் வகுப்புக்கு ஏற்ப மாற்றியும் கொள்ளலாம். புத்தகம் வாங்க வழியில்லாமல் படிப்பை நிறுத்திய பிள்ளைகளை அவர் கண்ணால் பார்த்தவர். அந்த நூலை எப்படி எழுதினார் தெரியுமா? ஒவ்வொரு சோதனையையும் எழுதி முடித்ததும் என்னைக் கூப்பிடுவார். அவர் வாசிப்பார், நான் செய்வேன்.

"அண்ணே, ஒங்களுக்குத் தெரிஞ்சதச் செய்யாதீங்க. நான் படிக்கிறத மட்டும் செய்யுங்க."

"பர்னர அணைக்கணும்னு நீங்க படிக்கவே இல்லியேம்மா. எரிஞ்சிட்டே இருக்கட்டுமா?"

"அய்யோ, மொதல்ல அணைங்க. மறுபடி எழுதுறேன்."

காதால் கேட்டதை மட்டும் வைத்து ஒருவன் கை சுடாமல் செய்து முடித்தால்தான் அந்தப் பக்கம் இணையத்துக்குப் போகும். அப்படி எழுதப்பட்ட புத்தகம் அது. அந்தப் புத்தகத்துக்கா இந்தக் கதி?

சென்ற பருவத் தேர்வுக்கு வேறொரு கல்லூரிக்கு வெளித்தேர்வாளராகப் போனார். உதவிக்கு நானும் போனேன். அந்த ஆய்வகத்தில், கைகழுவும் தொட்டிக்கு மேலே ஒரு மரப்பலகை. அதில் ஒரு பழுப்புப் பாட்டில். உள்ளே கழுத்து வரை கருப்பாக ஏடு படிந்திருந்தது. அம்மா அப்படியே நின்றுவிட்டார்.

வெள்ளிக் கண்ணாடிச் சோதனை உங்களில் பலருக்குத் தெரியும். கரைசலைக் குழாயில் ஊற்றி வெந்நீரில் வைத்தால், உள்சுவரில் முகம் பார்க்கிற கண்ணாடி மாதிரி வெள்ளி படியும். பிள்ளைகளுக்கு அதில் கொள்ளை ஆசை. ஆனால் அந்தக் கரைசலை அப்போதே கலக்கி, அப்போதே பயன்படுத்தி, மிச்சத்தை அப்போதே அமிலம் சேர்த்துக் கொட்டிவிட வேண்டும். எடுத்து வைத்தால், அது சும்மா இருக்காது. வெடிமருந்தாக மாறும். மூடியைத் திருகினாலே போதும்.

"இது எப்பக் கலக்குனது?" என்று கேட்டார்.

"போன வாரமே மேடம். தேர்வு நேரத்துல கூட்டம் அள்ளுமில்ல? அதான் முன்கூட்டியே தயாரா வச்சிட்டோம்" என்றார் அங்கிருந்த ஆய்வக ஆசிரியர், பெருமையாக.

"யாரு வைக்கச் சொன்னது?"

"ஒங்க புத்தகத்தப் பாத்துதான் மேடம் செஞ்சோம்."

கைபேசியைக் காட்டினார். அம்மா அதை எனக்கு வாசித்துச் சொன்னார். முகப்பில் அம்மாவின் பெயர். உள்ளே, தேர்வுக்கான சுருக்கம் என்று யாரோ வெட்டி ஒட்டியிருந்தார்கள். செய்முறை அத்தனையும் அம்மாவுடையது. 'எடுத்து வைக்காதே, உடனே கொட்டு' என்ற ஒரு வரி மட்டும் இல்லை. இடத்தை மிச்சம் பிடித்திருக்கிறார்கள்.

அம்மா குரலை உயர்த்தவில்லை. "பிள்ளைங்கள வெளிய கூட்டிட்டுப் போங்க. கதவ மெதுவா சாத்துங்க" என்றார். விஷயம் தெரிந்த ஆட்கள் வந்து பாட்டிலை அப்புறப்படுத்தும் வரை விடைத்தாள்கள் மைதானத்தில் பறந்துகொண்டிருந்தன.

அன்று தொடங்கியது அந்தத் தேடல். இணையத்தில் ஓரிடத்தில் அந்த வெட்டிய பிரதியை நீக்கவைத்தால் இன்னோரிடத்தில் முளைத்தது. கைபேசியிலிருந்து கைபேசிக்குத் தாவியது. "வீட்டுக்குக் கதவே வேணாம்னவ நீதான். இப்ப உள்ள யாரு வந்தான்னு தேடுறே" என்று கணவர் கேலி செய்தாராம். "தேடிட்டு வந்து பதில் சொல்றேன். மொதல்ல அந்த சார்ஜர எடுங்க" என்றாராம் அம்மா.

நோயில் விழுந்து மருத்துவமனைப் படுக்கையில் கிடந்தபோதும் ஒவ்வொரு கல்லூரியாகக் கூப்பிட்டார். மூச்சு இரைக்க இரைக்க ஒரே கேள்வி. "ஒங்க அலமாரியப் பாத்தீங்களா?" இருக்காது மேடம் என்றார்கள். எழுந்து போய்ப் பார்த்துவிட்டுச் சொன்னவர்கள் எத்தனை பேர்? அந்தப் பதிலுக்குக் காத்திருந்தபடியே போய்விட்டார்.

இப்போது, வம்பு எதற்கு, அந்தப் பாடநூலையே மூடிவிடலாம் என்று ஒரு பேச்சு என் காதில் விழுந்தது. முதல்வர் ஐயா பொறுத்துக்கொள்ள வேண்டும். மூடினால் எது மூடும்? சரியான புத்தகம் மூடும். வெட்டிய பிரதி மூடுமா? அது யாரிடம் அனுமதி கேட்டு வந்தது? அம்மாவின் பெயரோடு, அம்மாவின் வரி இல்லாமல், அது ஒன்றுதான் பிள்ளைகள் கையில் மிஞ்சும்.

ஆகவே இந்த அவையில் சொல்கிறேன். புத்தகம் திறந்தே இருக்கும். துறை ஆசிரியர்கள் வாசிப்பார்கள், என் கை ஓயும் வரை நான் செய்வேன். பார்க்காத அலமாரிகளை நாங்களே நேரில் போய்ப் பார்ப்போம். அம்மாவின் மகளும் வருகிறேன் என்றிருக்கிறார்.

மௌனமாக எழுந்து நிற்பதற்கு முன் ஒரு வேண்டுகோள். வெளிக் கல்லூரியிலிருந்து வந்தவர்கள் கைபேசியை எடுங்கள். நீங்கள் பாடம் நடத்தும் பிரதியில் அந்தப் பக்கத்தைப் பாருங்கள். உடனே கொட்டு என்ற வரி இருக்கிறதா? நிதானமாகப் பாருங்கள். நான் நிற்கிறேன்.

மூன்றாவது வரிசையில் எழுந்த தம்பி, எங்கே போகிறீர்கள்?

அவருக்கு வழி விடுங்கள். ஓடாதீங்க தம்பி. மொதல்ல போனப் போட்டு, பிள்ளைங்கள வெளிய அனுப்பிட்டு ரூமப் பூட்டச் சொல்லுங்க. பாட்டில யாரும் தொட வேணாம்னு சொல்லுங்க. நாங்க பின்னாலயே வர்றோம்.

மௌன அஞ்சலி இருக்கட்டும். துறைத் தலைவரே, வண்டிய எடுங்க.