வலப்பக்கத்துப் பந்து

— டிசம்பர், நவம்பர், ஒக்டோபர்... ஓகஸ்ட், ஜூலை...

— நில்லுங்க. செப்டம்பர் எங்க?

— சென்னேனே.

— செல்லல்ல. நேத்தும் அதயேதான் விட்டீங்க.

— சரி நுஹா, திரும்பத் தொடங்குற. நீ மொகத்த இப்படி வெச்சிக்கொண்டு ஈந்தா எனக்கு ஒண்டும் ஓடாது.

— என்ட மொகத்த விடுங்க. டொக்டர் திவாகரன் கேக்கிற நேரம் என்த செய்யப் போறீங்க?

— அவர் கேக்கிறதெல்லாம் எனக்குப் பாடம். டீம் டொக்டர்மார் எல்லாம் ஒண்டுதான். மாசத்தப் பின்னால இருந்து செல்லு, கண்ண மூடு, ஒத்தக் கால்ல நில்லு. போன மேச்சுல ஹெல்மட்டுல பந்து பட்டதுக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டம். இன்னக்கி அவர் சரியெண்டு சென்னா நாளைக்கி பல்லேகலயில வெளயாடுற. அவ்வளவுதான்.

— அப்ப ஒத்தக் கால்ல நில்லுங்க பாப்பம்.

— இந்தா.

— கதிரையப் புடிக்காம.

— புடிக்கல்ல, சும்மா தொட்ட.

— இப்படி நிண்டா அவர் ஒடனே கண்டுபுடிச்சிடுவார்.

— மாட்டார். அதுக்கு நான் எப்பயோ வேல பாத்து வெச்சீக்கிற.

— என்த வேல?

— சீசன் தொடங்க முந்தி, ஒரு நோவும் இல்லாத நேரம், எல்லாருக்கும் இதே செக்க ஒருக்கா செஞ்சி வெப்பாங்க. பொறகு தலயில அடிபட்டா அதோட ஒப்பிட்டுத்தான் பாக்கிற. நான் அன்னக்கி வேணுமெண்டே பிழயா செஞ்ச. மாசத்த மாத்திச் சென்ன, கால ஆட்டின. இப்ப தடுமாறினாலும் இவன் எப்பவும் இப்படித்தான் எண்டு விட்டுடுவார்.

— யா அல்லாஹ்! அடிபட முந்தியே ஏமாத்த ஆயத்தமா?

— பயப்படாத, நான் மட்டுமா செய்ற?

— தலவலி ஈக்கா எண்டு கேட்டா?

— இல்லெண்டு செல்ற.

— ஈக்கிதானே?

— வெளிச்சத்துல மட்டும். சுடச்சுட ஒரு பிளேன்டி குடிச்சா போயிடும்.

— அப்ப நம்மட புள்ள ஸிபானத் தூக்கிக்கொண்டு படியில போன அன்னக்கி? அங்க வெளிச்சமே இல்லயே.

— கால் சறுக்கின. நான்தான் சுவரப் புடிச்சி நிண்டேனே.

— நீங்க சுவரப் புடிக்கல்ல. நான் ஓடி வந்து புள்ளயப் பறிச்சி எடுத்த. நீங்க படியிலயே குந்திட்டீங்க.

— அப்படியா?

— மறந்திட்டீங்களா?

— இல்ல... ஞாபகம் ஈக்கி. இப்ப அத விடு.

— விடேலாது. பந்து எப்படித் தெரியுது? பொய் செல்லாம செல்லுங்க.

— இது நமக்குள்ள, என்த?

— செல்லுங்க.

— வேகமா வந்தா ரெண்டாத் தெரியுது. அதுக்கும் வழி ஈக்கி! கண்டியில நெட்ஸுக்குள்ள அடிச்சிப் பழகுற நேரம் புடிச்சிட்ட. வலப்பக்கம் தெரியிறதுதான் அசல் பந்து. மத்தத கண்டுக்காம விட்டா சரி. நடு பேட்டுல பட்டிச்சி நுஹா, சத்தமே வேற!

— ஒரு பந்துக்கு பிழச்சிட்டா?

— ஒரு காயம் வரும், ரெண்டு நாள்ல ஆறும்.

— எங்க காயம்? கையிலயா, காலிலயா, இல்ல திரும்பவும் தலயிலயா?

— சும்மா ஈ. உனக்கு ஒண்டும் வெளங்கல்ல. ரெண்டு வருஷம் என்ன வெளிய போட்டு வெச்சாங்க. எவ்வளவு கெஞ்சி, எவ்வளவு ஓடி, திரும்பவும் உள்ள வந்த! இப்ப என்ட எடத்துக்கு கிருஷ்ணராஜ் பேட்டத் தூக்கிக்கொண்டு நிக்கிறான். சின்னப் பொடியன், கை அவ்வளவு அழகு. இந்த ஒரு மேச்ச அவனுக்குக் குடுத்தா அந்த எடம் எனக்குத் திரும்பக் கெடக்காது. இந்தத் திகன ஊர் அஸ்ஃபர்ட கத அதோட முடிஞ்சி.

— முடியட்டுமே.

— லேசாச் செல்ற. எத்தன நாட்டுல சதம் அடிச்சீக்கிற நான்! வீட்டு வாசல்ல ஈக்கிற பல்லேகலயில ஒண்டு இல்ல. ஊர்ச் சனம் கிரவுண்டுக்கு வந்து சும்மா திரும்பிப் போற நேரம் எனக்கு வெக்கமா ஈக்கும்.

— எனக்கு மட்டும் ஆச இல்லயா? டீவியில என்னக் காட்டுவாங்க எண்டு புதுசா ஒரு ஷோல் கூட வாங்கி வெச்சீக்கிற. ஆனா எனக்குப் பயம். ராவெல்லாம் நீங்க மூச்சு விடுறீங்களா எண்டு பாத்துக்கொண்டு கெடக்கிற.

— அழாத. இந்த ஒரு மேச் மட்டும்.

— போன முறையும் அப்படித்தான் சென்னீங்க. நீங்களே டொக்டர்ட்ட உண்மையச் செல்லுங்களே. நல்ல மனிசன் எண்டு நீங்கதானே செல்ற.

— நல்ல மனிசன்தான். அதாலதான் செல்லேலாது. சென்ன ஒடனே வெளயாடேலாது எண்டு எழுதிப் போட்டுடுவார்.

— கடைசியாக் கேக்கிற. செல்லுவீங்களா, மாட்டீங்களா?

— செத்து மவுத்தானாலும் மாட்டேன்! போதும், வேன் வந்திட்டு. கேளு நுஹா, உன்னட்ட ஆராவது விசாரிச்சா உனக்கு ஒண்டும் தெரியாது. எனக்கு வேற ஆரு ஈக்கி? நீ என்ட பக்கம் நிண்டாப் போதும்.

— உங்கட பக்கம்தான் நிக்கிற. என்ன மன்னிச்சிடுங்க... டொக்டர் திவாகரன், போன் லைன்ல ஈக்கிறீங்கதானே? இவ்வளவு நேரமும் இவர் சென்னதெல்லாம் கேட்டிச்சிதானே?