நல்லவர்களுக்கு ஒரு பாவம்

இந்தச் சிறையில் தரும் வாற்கோதுமைக் கஞ்சி நன்றாக இருக்கிறது, சகோதரி. உப்பு அளவாக இருக்கிறது. ஈரச் செருப்பு என்ற கூலிப்படையில் எங்களுக்குச் சமைத்தவன் ஐவின்ட். நல்ல மனிதன், மோசமான சமையல்காரன். அவன் கத்தியைச் சரியாகத் தீட்டியது ஒரே ஒரு முறைதான். அது இப்போது நீங்கள் கை வைத்திருக்கும் இந்த வயிற்றுக்காக.

முறை எனக்குத் தெரியும். நான் உண்மையைச் சொன்னால் காயம் மூடும். பிழைத்தால் நீதிமன்றம். மூடாவிட்டால் சீழ் வைத்து இங்கேயே செத்துப்போவேன். ஸ்கோகன் கிராமத்தில் என்ன நடந்தது என்று வாயால் சொல்ல ஓர் ஆள் மீதியிருக்க வேண்டும் என்பது உங்கள் கவலை. நியாயமான கவலை.

நாம் இருவரும் பாரம் வாங்கும் தாயின் பூசாரிகள். ஒரே பாடம்தான் படித்தோம். காயம்பட்டவன் தன் பாவத்தைச் சொல்கிறான், தாய் அதை வாங்கிக்கொண்டு தசையை ஒட்டிவைக்கிறாள். ஒரு முறை சொன்ன பாவம் மறுபடி உதவாது. சொல்பவனுக்கு அதில் வெட்கம் இருக்க வேண்டும். கோவிலில் இதை மண்டியிட்டுக் கற்றுக்கொடுத்தார்கள். படையில் இதைக் குளிர்காலத்துக்கு உப்புக்கண்டம் சேர்ப்பதுபோலப் பார்த்தார்கள். பல்வலிக்கு ஒரு சின்னப் பொய்யைச் சொல்வார்கள். பெரியதை ஈட்டிக் காயத்துக்கென்று பத்திரமாக வைத்திருப்பார்கள். ஊர்களில் தங்கும்போது, "ஒண்ணு சம்பாதிச்சுட்டு வந்துடறேன் சாமி," என்று என்னிடமே சொல்லிவிட்டுப் போவார்கள்.

வெட்கம் எவ்வளவு முக்கியம் என்று எனக்குக் காட்டியவன் டோர்கில். படையிலேயே பெரிய அயோக்கியன். தொடையில் ஈட்டி இறங்கிக் கிடந்தான். கொன்றவர்களை வரிசையாகச் சொன்னான். ரத்தம் நிற்கவே இல்லை.

"என்ன சாமி, உங்க ஆத்தாவுக்குக் காது அடைச்சுப் போச்சா?"

"உனக்கு வெட்கம் இல்லையே, டோர்கில்."

"செய்யிற தொழிலுக்கு எவனாவது வெட்கப்படுவானா?"

கடைசியில், உதடு வெளுத்த பிறகு, சிறுவயதில் நோயாளித் தாய்க்கென்று வைத்திருந்த வெண்ணெயைத் திருடித் தின்றுவிட்டுத் தங்கை மேல் பழி போட்டதைச் சொன்னான். காயம் அரிக்கிறது என்று கத்தினான். மூடும்போது முதலில் அரிக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். தொடை ஒட்டிக்கொண்டது. அவன் நெடுநேரம் அழுதான், யாரிடமும் சொல்லக் கூடாது என்று என் அங்கியைப் பிடித்துச் சத்தியம் வாங்கினான். மறுநாள் அவன் சேணத்தில் யாரோ ஓர் உருண்டை வெண்ணெய் வைத்திருந்தார்கள்.

என் மனைவி சிக்னே படையின் கோவேறு கழுதைகளை ஓட்டினாள். கழுதைகள் என்னைவிட அவள் பேச்சைக் கேட்டன. ஆற்றுத்துறையில் நடந்த சண்டையில் அவள் விலாவில் ஒரு கொக்கி ஈட்டி ஏறியது. நான் கை வைத்தேன். அவளிடம் சொல்வதற்குப் பாவம் எதுவும் இல்லை. இறந்துவிட்டாள். பிர்ச் மரத்தடியில் புதைத்தோம். அன்று நான் வழக்கம்போலச் சாப்பிட்டேன். ஐவின்ட் என்னைவிட அதிகமாக அழுதான். அதை ஒரு மரியாதையாக எடுத்துக்கொண்டேன்.

பிறகு யோசித்தேன். எனக்கு யோசிக்க வரும். கோவில் கல்லூரியில் தர்க்கத்தில் நான்தான் முதல். பாவமில்லாததால் ஒருத்தி இறந்தாள். டோர்கில் வெண்ணெயால் பிழைத்தான். அப்படியானால் படையில் ஆபத்தில் இருப்பவர்கள் நல்லவர்கள். அவர்களுக்கு வெட்கம் நிறைய இருக்கிறது, வெட்கப்படக் காரியம்தான் இல்லை. மருந்துப் பையை நிரப்பி வைப்பது வைத்தியனின் வேலை.

சின்னதாக ஆரம்பித்தேன். பொய்யே பேசாத ஒரு வில்லாளியின் பகடையை மாற்றிவைத்து, அவன் அறியாமலே மற்றவர்களை ஏமாற்ற வைத்தேன். ஆட்டம் முடிந்ததும் அவனிடம் சொன்னேன். அவன் முகம் செத்துப்போனது. அடுத்த மாதம் அதே பகடை அவன் கண்ணைக் காப்பாற்றியது. ஐவின்ட் கொதிக்கும் பானையில் கையைச் சுட்டுக்கொண்டபோது அவனிடமும் கேட்டேன். "உங்ககிட்ட சொல்ற மாதிரி எதுவும் இல்ல சாமி," என்றான், பானையைப் பார்த்துக்கொண்டே. அதனால் அவனுக்கும் ஒன்று ஏற்பாடு செய்தேன். ஒரு தோழனுக்கு எதிராகப் பொய்ச்சாட்சி சொல்ல வைத்தேன். தோழனுக்குச் சவுக்கடி விழுந்தது. ஐவின்டின் கை ஆறியது. நான் யாரிடமும் நன்றி எதிர்பார்க்கவில்லை.

பிறகு மேட்டுக்கோட்டை வேலை வந்தது. சுவர் ஏறிப் பிடிக்க வேண்டிய கோட்டை. பாதிப் பேர் திரும்ப மாட்டார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். பகடையும் பொய்ச்சாட்சியும் அதற்குப் போதாது. வழியில் ஸ்கோகன் இருந்தது. எங்களைப் பார்த்ததும் ஊர்ச்சனம் எல்லாம் தானியக் களஞ்சியத்துக்குள் புகுந்துகொண்டது.

எங்கள் தலைவன் ஹால்வார் நல்ல மனிதன். அதுதான் எனக்குக் கவலை.

"வெறும் குடியானவங்க சாமி. அவங்க பாட்டுக்கு இருக்கட்டும். நாம போயிடலாம்."

கோட்டைக்கு அவர்கள் தகவல் அனுப்பிவிட்டார்கள், களஞ்சியத்தில் வில்லாளிகள் ஒளிந்திருக்கிறார்கள், தாய் எனக்குக் கனவில் காட்டினாள் என்றேன். நான் அதுவரை அவனிடம் பொய் சொன்னதில்லை. நம்பினான். கதவுக்கு வெளியே தாழ் போட்டார்கள். ஆளுக்கொரு பந்தம் பிடிக்க வேண்டும் என்று நான்தான் சொன்னேன். யாரும் விடுபட்டுவிடக் கூடாது. வெயில் நன்றாக இருந்தது. களஞ்சியம் காய்ந்திருந்தது. அதிக நேரம் ஆகவில்லை.

மறுநாள் காலை எல்லோரையும் உட்காரவைத்து உண்மையைச் சொன்னேன். உள்ளே வில்லாளிகள் இல்லை, தகவல் போகவில்லை, கனவும் வரவில்லை. சொல்லாவிட்டால் அது அவர்களுக்குப் போர்க்காரியமாகவே இருந்திருக்கும். ஒரு கீறலுக்குக்கூட உதவியிருக்காது.

டோர்கில் எழுந்துபோய் வாந்தி எடுத்தான். அவனால் அது முடியும் என்று நான் எதிர்பார்க்கவில்லை, சந்தோஷமாக இருந்தது. ஹால்வார் என் பக்கம் திரும்பினான்.

"எதுக்கு சாமி எங்ககிட்ட சொன்னீங்க?"

"கோட்டையில உங்களுக்குத் தேவைப்படும்."

தேவைப்பட்டது. கோட்டை விழுந்தது, எங்களில் ஒருவர்கூடச் சாகவில்லை. எந்தப் படைவைத்தியனும் இப்படிச் சொல்லிக்கொள்ள முடியாது. ஹால்வாருக்குக் கழுத்து பாதி அறுந்து தொங்கியது. "களஞ்சியம்" என்று முனகினான். அந்த ஒரே சொல்லில் ஒட்டிக்கொண்டது. பிற்பாடு அவன் தூக்குப் போட்டுக்கொண்டான். டோர்கில் கவசத்தோடு ஆற்றில் இறங்கினான். மற்றவர்களும் ஒவ்வொருவராக. அவை காயங்கள் அல்ல. என் பொறுப்பில் வராது.

ஐவின்ட் மட்டும் கோட்டைச் சண்டையில் காயம்படவே இல்லை. அவன் பாவம் செலவாகாமல் கிடந்தது. அதனால்தான் என்னிடம் கத்தியோடு வந்தான் போலும்.

இவ்வளவுதான் ஸ்கோகன். தாழ் போடச் சொன்னது நான். நெருப்பு வைக்கச் சொன்னது நான்.

"எல்லாத்தையும் சொல்லிட்டீங்க," என்கிறீர்கள். "ஆனா ஒரு நூலளவுகூட மூடலையே."

மூடாது, சகோதரி. அதில் எனக்கு வெட்கம் இல்லை. ஒரு படையையே காப்பாற்றினேன்.

"அப்போ வெட்கப்படுறது வேற ஒண்ணு இருக்கு. உங்க சம்சாரம் கடைசியா என்ன சொன்னாங்க?"

எதுவும் சொல்லவில்லை. சொல்ல அவளிடம் என்ன இருந்தது? சாகும் நேரத்தில் மனிதர்கள் ஏதாவது ஆரம்பிப்பார்கள். "ஒண்ணு இருக்கு. கோவிச்சுக்காத. ஐவின்ட்..." என்று ஆரம்பித்தாள். மூச்சை வீணாக்கக் கூடாது என்பது வைத்தியத்தின் முதல் பாடம். "உனக்கு ஏது பாவம், பேசாத," என்று அவள் வாயைப் பொத்தினேன். கழுதை ஓட்டுகிறவளின் கை, சகோதரி, நல்ல பலம். என் விரல்களைப் பிரிக்கப் பார்த்தாள். ஓயும்வரை நான் எடுக்கவில்லை. அவள் நன்மைக்காகத்தான்.

இந்தக் கட்டு இறுக்கமாக இருக்கிறது போலிருக்கிறது. அரிக்கிறது.

கையை எடுங்கள், சகோதரி. அவளிடம் சொல்வதற்கு எதுவும் இல்லை. தயவுசெய்து கையை எடுங்கள்.