தவசு காலத்தில் வீடு மாறுவதில்லை

ஐயா, வீடு வேலைக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். இதை ஒத்துக்கொள்ளாத ஆளை நான் பார்த்ததில்லை. யாருடைய வேலைக்குப் பக்கத்தில் என்று கேட்கும்போதுதான் முகம் மாறும்.

டீயைக் குடியுங்கள், ஆறுகிறது. இந்த அறை சின்னதுதான். ஆனால் ஆஸ்பத்திரியின் பின்கேட்டுக்கு நடந்தே போய்விடலாம், செருப்பில் சேறு ஒட்டாது. இன்ஸ்பெக்டர் தமிழ் ஆளாக வந்தது எனக்கு ஆறுதல். போர்ட் பிளேருக்கு வந்து பத்துப் பன்னிரண்டு வருஷமாகிறது, மீனுக்குப் பேரம் பேசுகிற அளவுக்கு இந்தி பழகிவிட்டது. இதைச் சொல்கிற அளவுக்குப் பழகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் இந்த சூசைமேரி ஏன் வாளியோடு சிப்பிகாட் பஸ் ஏறுகிறாள் என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. என் வீட்டுக்காரர் கஸ்பாரிலிருந்து ஆரம்பித்தால்தான் அது விளங்கும்.

நாங்கள் தூத்துக்குடிப் பக்கம். அறுபதில் கல்யாணம், மறு வருஷமே கப்பல். எனக்கு டவுன் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை, கூடவே குவார்ட்டர்ஸ். அவருக்கு சிப்பிகாட் தாண்டி, உப்பங்கழிக்கு அக்கரையில் ஒரு தென்னை நாற்றுப் பண்ணையில் மேஸ்திரி வேலை. பண்ணையை ஒட்டி மூங்கில் தட்டி அடைத்த வீடு ஒன்று கொடுத்தார்கள். என் குவார்ட்டர்சில் குழாய் இருந்தது. அவர் வீட்டில் அட்டைப்பூச்சிகள் இருந்தன.

"பொண்டாட்டி குவார்ட்டர்ஸ்ல கெடக்கான்னு நாலு பேரு சொல்லுததுக்கா நான் கடல் தாண்டி வந்தேன்?" என்றார் கஸ்பார். "ஒனக்கு வேல வேணும்னா நீதாம்ட்டி போயிட்டு வரணும்."

அதோடு வீடு பார்க்கிற பேச்சு முடிந்தது. நான் குவார்ட்டர்ஸ் சாவியை மேட்ரனிடம் திருப்பிக் கொடுத்தேன்.

கழி என்றதும் அகலமான ஆறு என்று நினைத்துவிடாதீர்கள். இந்தக் கரையில் ஒருவன் பீடி பற்றவைத்தால் அந்தக் கரையில் தெரியும். ஆனால் பாலம் கிடையாது. இரண்டு பக்கமும் கண்டல் காடு, கால் வைத்தால் இடுப்புவரை சேறு. வீட்டுப் பக்கத்துத் துறை என்பது சேற்றின்மேல் போட்ட ஒரு தென்னந்தடி, அவ்வளவுதான். அதன் நுனிவரை நடந்து, அங்கே ஒரு கம்பில் தொங்குகிற எண்ணெய்த் தகரத்தைத் தட்டவேண்டும். ரோட்டுப் பக்கக் கரையில் குடிசை போட்டிருந்த படகுக்காரர் சுக்ரா, ராஞ்சிக்காரர், அதைக் கேட்டதும் "ஆத்தா ஹூம், ஆத்தா ஹூம்" என்று கத்துவார். இதோ வருகிறேன் என்று அர்த்தம். ஊரிலிருந்து புதிதாக வந்த நம் ஆட்கள், யாரோ பெற்ற தாயைக் கூப்பிட்டு அழுகிறார் என்று நினைத்துக்கொள்வார்கள். அவர் படகு வந்து சேரும்வரை தடியின் நுனியில், கணுக்கால் தண்ணீரில் நிற்கவேண்டும்.

அந்தத் துறைக்கு ஒரே ஒரு கட்டுப்பாடு உண்டு. அங்கே மீன் கழுவக் கூடாது. குடலையும் செதிலையும் தென்னை மூட்டில் புதைக்கவேண்டும். "மச்சி கா கச்சடா இதர் நை டாலோ, மகர் ஆயேகா" என்று புதிதாகக் குடிவருகிற ஒவ்வொருவருக்கும் சுக்ரா சொல்லிவிடுவார். மீன் கழிவைப் போட்டால் முதலை வந்துவிடும். எங்கள் குடியிருப்பில் பெங்காலி, தெலுங்கு, மலையாளி, தமிழ் என்று எல்லாரும் இருந்தோம். கிணற்றடியில் தினம் சண்டை. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் யாரும் யாரோடும் சண்டை போட்டதில்லை.

ஆறு வருஷம் அந்தத் தடியில் போய்வந்தேன். வெள்ளை உடுப்பைப் பையில் வைத்துக்கொண்டு, பழைய சேலையை முழங்காலுக்குமேல் செருகிக்கொண்டு போவேன். ஆஸ்பத்திரிக்குப் போய்க் காலைக் கழுவிவிட்டுத்தான் மாற்றிக்கொள்வேன். அவ்வப்போது கேட்டும் பார்ப்பேன். "டவுன்ல இருப்போமே. கொஞ்ச நாளைக்கு நீங்க போயிட்டு வாங்களேன்" என்பேன். "எல்லாருந்தானே போறாங்க, ஒனக்கு மட்டும் என்ன பவுசு?" என்பார்.

ஆறாவது வருஷம், வயிற்றில் ஐந்து மாதப் பிள்ளையோடு அந்தத் தடியில் வழுக்கி விழுந்தேன். நான் வேலை பார்த்த வார்டிலேயே என்னைப் படுக்கவைத்தார்கள். பிள்ளை தங்கவில்லை. கஸ்பார் மறுநாள் மத்தியானம் வந்தார். கட்டில் பக்கத்தில் நின்றுகொண்டு, "பாத்து எறங்கப்படாதா?" என்றார். வீட்டுக்கு வந்தபின் வேலையை விடச் சொன்னார், விட்டேன்.

இதற்காகவெல்லாம் நான் அவரை ஒன்றும் செய்யவில்லை, ஐயா. எழுதும்போது கவனமாக எழுதுங்கள். பிள்ளை போனதற்காகச் செய்தாள் என்று எழுதினால் அது பொய். பிள்ளை போன பிறகும் இரண்டு வருஷம் அவருக்கு வடித்துக் கொட்டியிருக்கிறேன். குழம்பில் உப்புக்கூடக் கூடுதலாய் விழுந்ததில்லை.

அறுபத்தொன்பது பிப்ரவரியில் அவரை டவுனுக்கு மாற்றினார்கள். ஹாடோவில் விதைக் கிடங்கில் வேலை, சம்பளமும் கூட. இப்போது வேலை ரோட்டுப் பக்கம், வீடு கழிக்கு அக்கரையில். தினம் காலையில் தகரம் தட்டுவது அவர் பாடாகிவிட்டது. அடுக்களையில் இருந்துகொண்டு காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஒரு வாரம் தாங்கவில்லை. ஒருநாள் தடியிலிருந்து சறுக்கி, சட்டையெல்லாம் சேறாகத் திரும்பி வந்தார். கால்கூடச் சுளுக்கவில்லை. "இது மனுசன் போற வழியாட்டி?" என்று வீடே அதிரக் கத்தினார். மறுநாள் சாயங்காலம் சிரித்துக்கொண்டே வந்தார். ஹாடோவில் வீடு பேசி முடித்தாயிற்றாம். சிமெண்டுத் தரையாம், குழாய் உண்டாம்.

"ஒனக்குச் சந்தோசந்தானே?" என்றார். "நீயும் கேட்டுக்கிட்டே இருந்தியே."

அந்த நிமிஷம்தான், ஐயா. என் ஆறு வருஷத்துக்கும் ஒரு பிள்ளைக்கும் அசையாத மனுஷன் ஒரு சட்டைக்கு அசைந்துவிட்டார். அசைந்ததோடு விடாமல், எனக்கு வரம் கொடுக்கிறவர்போல நின்றார். அவரை நான் வெறுத்தேன். வெறுத்ததும் மனசு லேசாகிவிட்டது. அதை உங்களிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது?

"சந்தோசந்தான். ஆனா சாம்பல் புதன் வந்துட்டே. தவசு காலத்துல யாராவது புது வீட்டுல பால் காய்ச்சுவாங்களா? ஈஸ்டர் கழியட்டும்" என்றேன்.

எங்கள் ஆட்கள் தவசு காலத்தில், அதாவது ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாளும், கல்யாணம் வைக்கமாட்டார்கள், புது வீடு புகமாட்டார்கள். கஸ்பார் படகுக் கூலி கொடுக்க மறந்தாலும் கோயிலில் முதல் வரிசையில் நிற்க மறக்கமாட்டார். "அதுவுஞ் சரிதான். நாலு பேரு பேச எடம் வைக்கப்படாது" என்றார். ஈஸ்டர்வரைக்கும் அந்தத் தடியில் நடக்க அவரே சம்மதித்துக்கொண்டார்.

தவசு காலத்தில் எங்கள் வீட்டில் இறைச்சி கிடையாது, தினம் மீன்தான். குடலுக்குப் பஞ்சமில்லை.

மத்தியானம் ஆண்கள் பண்ணையில் இருப்பார்கள், சுக்ரா சாப்பிட்டுவிட்டுப் படுத்திருப்பார். நான் சட்டியை எடுத்துக்கொண்டு துறைக்குப் போனேன். முதலில் நண்டுதான் வந்தது, அப்புறம் ஓர் உடும்பு. நான் அவசரப்படவில்லை. சில நாள் கழித்து, கண்டல் வேருக்குப் பக்கத்தில் இரண்டு கண் தண்ணீருக்குமேல் தெரிந்தது. அன்றிலிருந்து போடுவதற்கு முன்னால் தகரத்தைத் தட்டினேன். நாய்க்குச் சோறு வைக்கும்போது பேர் சொல்லிக் கூப்பிடுகிறோம் இல்லையா, அதுபோலத்தான். அதுவும் சீக்கிரம் கற்றுக்கொண்டது. சுக்ரா ஒருநாள், மத்தியானத்தில் யார் தட்டுவது என்று கேட்டார். காக்கா விரட்டினேன் என்றேன். நம்பினார், நல்ல மனுஷன்.

மற்றவர்கள் கதி என்ன என்று கேட்பீர்கள். அதையும் யோசிக்காமல் இல்லை. பெண்கள் சந்தைக்குப் போகிற சனிக்கிழமை, விடியும்போதே போய் அதற்கு வயிறு நிறையப் போட்டுவிடுவேன். மற்ற நாட்களில் காலையில் அந்தத் தகரத்தைத் தட்டுகிற ஒரே ஆள் என் வீட்டுக்காரர்தான்.

குருத்தோலை ஞாயிறு நெருங்கியபோது போடுவதை நிறுத்தினேன். நாங்கள் எல்லாரும் நோன்பு இருந்தோம், அதுவும் கொஞ்சம் இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஈஸ்டருக்கு முந்தின பெரிய வாரத்துத் திங்கட்கிழமை அது. நல்ல வெயில் வந்திருந்தது. சட்டையை நான்தான் இஸ்திரி போட்டுக் கொடுத்தேன். வாசலில் நின்று, "பாத்து எறங்குங்க" என்றேன். அவர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். நான் பாத்திரம் கழுவ உட்கார்ந்தேன். தகரம் கேட்டது. சுக்ராவின் குரல் கேட்டது. தகரம் மறுபடியும் கேட்டது, அவசரக்காரர் அல்லவா. அப்புறம் சுக்ரா வேறு மாதிரி கத்தினார். கையைத் துடைத்துக்கொண்டு நடந்துதான் போனேன். அந்த வழியில் ஓடினால் வழுக்கும்.

சவப்பெட்டிக்குள் வைக்கக் கிடைத்தது கொஞ்சம்தான். சாமியார் உருக்கமாகப் பிரசங்கம் வைத்தார். துப்பாக்கியோடு இரண்டு பேர் வந்து கரையில் உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போனார்கள். தகரத்தைத் தட்டிப் பார்க்க அவர்களுக்குத் தோன்றவில்லை. ஜனங்கள் கொஞ்ச நாள் பயந்தார்கள், அப்புறம் அதே தடியில் நடந்தார்கள். ஆஸ்பத்திரியில் இரக்கப்பட்டு என்னைத் திரும்ப எடுத்துக்கொண்டு இந்த அறையையும் கொடுத்தார்கள்.

எல்லாரும் அவர் விதி என்றார்கள். விதியா சட்டி சுமந்தது? கஸ்பாரைக் கொன்றது நான்தான், ஐயா. எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஒருநாள்கூட அதற்காக நான் அழவில்லை.

இப்போது வாளி விஷயம். போன வருஷம் எங்கள் பழைய வீட்டுக்கு ஒரு ஜோடி குடிவந்தது. ஜெபராஜுக்கு அதே பண்ணையில் வேலை. அவன் மனைவி ஞானசெல்வி டவுனில் டீச்சர். ஆஸ்பத்திரிக்கு ஊசி போட்டுக்கொள்ள வந்தபோதுதான் அவளை முதலில் பார்த்தேன். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள், கணுக்காலில் சேறு காய்ந்திருந்தது. எந்தத் துறைச் சேறு என்று நான் கேட்கவே வேண்டியிருக்கவில்லை.

"டவுன்லயே வீடு பாக்கலாம்லம்மா?" என்றேன்.

"அவுக ஒத்துக்க மாட்டாகக்கா. பொம்பள வேலைக்காக ஆம்பள வீடு மாறணுமாங்காக."

எத்தனை மாதம் என்று கேட்டேன். மூணு என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, என்னைப் பார்த்துச் சிரிக்கவும் செய்தாள். அந்தச் சிரிப்பை என்னால் தாங்க முடியவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையே வாளியை எடுத்துவிட்டேன். மார்க்கெட்டில் சூரை மீன் குடல் சும்மாவே தருவார்கள். கோழித்தீனி, பழைய அண்டை வீட்டுக்கு என்று சொன்னால் சுக்ரா படகில் ஏற்றிக்கொள்வார். ஞாயிறு ஏன் என்றால், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஜெபராஜ் தனியாக டவுனுக்கு சினிமா பார்க்கப் போவான் என்று அவள் சொல்லியிருந்தாள். ஞாயிறு மட்டும் தட்டி, ஞாயிறு மட்டும் போட்டால், அதுவும் ஞாயிறு மட்டும்தான் வரும் என்று கணக்குப் போட்டேன். நான் கற்றுக்கொடுத்ததை அது ஒருமுறை சரியாகத்தானே செய்தது? வயிறு நிறையப் போடவில்லை, ருசி காட்டுகிற அளவுக்குத்தான். ஆனால் அந்தப் பாவி இந்த மாதம் ஒரு ஞாயிறும் வெளியே கிளம்பவில்லை. ஒருநாள் தலைவலி என்றானாம், ஒருநாள் படம் நன்றாயில்லை என்றானாம்.

போன செவ்வாய்க்கிழமை காலையில், பள்ளிக்கூடத்துக்குப் போக, ஞானசெல்வி தகரம் தட்டியிருக்கிறாள்.

ஏன் ஐயா எழுதுவதை நிறுத்திவிட்டீர்கள்? கஸ்பாரை ஒத்துக்கொண்டேன், அதற்கு என்ன தண்டனையோ கொடுங்கள். ஞானசெல்வியை என் தலையில் கட்டாதீர்கள். அவளுக்கு நான் நல்லதுதான் நினைத்தேன், என் தங்கச்சிக்குச் செய்வதுபோலத்தான் செய்தேன். நேற்று மார்க்கெட்டில் சொன்னார்கள், ஜெபராஜ் டவுனில் வீடு தேடுகிறானாம். கேட்டீர்களா? இப்போது தேடுகிறான். அவளைக் கொன்றது நான் இல்லை, ஐயா. அக்கரையில் வீடு பார்த்தவன் அவன், போய் அவனைப் பிடியுங்கள்.